நான்காம் மாடிக் காற்று

முதலில் அந்தச் சத்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், மேடம். இருட்டிய பிறகு கேட்ட சத்தம். நடு ராத்திரி என்று நினைத்துவிடாதீர்கள். ஐப்பசி மாதம், ஆறே காலுக்கெல்லாம் இருட்டிவிடும், நான் கிளம்ப ஏழு மணியாகும். அந்தச் சத்தம் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் இந்த ஆபீசில் காற்று என்று ஒன்று இருப்பதே எங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது.

உட்காருங்களேன். காற்றை அளக்கிற உங்கள் கருவி அரை மணி நேரம் ஓட வேண்டும் என்றீர்களே. ரிசெப்ஷனில் வைக்கச் சொல்லி அனந்தகுமார் சார் சொல்லியிருந்தார், நீங்கள் நடு ஹாலில் வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. சார் எங்கள் மேனேஜர். "ஷர்மிளா, நம்ம ஆபீஸ் காத்தை எப்படி மாத்தினோம்னு நீயே மேடத்துக்குச் சொல்லிடு. ஆரம்பத்துலேருந்து கூட இருந்தவ நீதானே" என்று என்னை அனுப்பியிருக்கிறார். சுத்தமான காற்றுள்ள ஆபீஸ் என்று நீங்கள் சான்றிதழ் கொடுத்தால் லிஃப்ட் பக்கத்தில் மாட்டப்போகிறாராம். ஆணிகூட அடித்தாகிவிட்டது.

எங்கள் வேலை ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்ப்பது. இன்ஷூரன்சுக்கு வருகிற பில்கள். முப்பத்தெட்டுப் பேர், முப்பத்தெட்டுக் கம்ப்யூட்டர், ஒரே ஹால். சுற்றிலும் திறக்க முடியாத கண்ணாடி. கீழே கூவம். நான்காம் மாடியிலிருந்து பார்த்தால் கூவம்கூட அழகாகத்தான் இருக்கும், சாயங்கால வெயிலில் மின்னும். கண்ணாடி இருப்பதால் நாற்றம் தெரியாது.

பிரசவ லீவு முடிந்து நான் திரும்பி வந்தபோது குழந்தைக்கு ஆறு மாசம். வீட்டில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமை வருவார். நான் லீவு முடிந்து வருவதற்குப் பத்து நாள் முன்னால் குழந்தைக்கு இழுப்பு வந்தது, மேடம். நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி. இரண்டு நாளில் சரியாகிவிட்டது, ஆனால் அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஏறுகிறது, இறங்குகிறது. அடுத்தது ஏறுமா? ஏறும்வரைக்கும் என் மூச்சை நான் விடமாட்டேன். டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், நல்ல காற்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பால், காற்று. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள். நான் செய்ததெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

ஆபீசில் பால் எடுக்க எனக்கு ஒரு ரூம் கொடுத்தார் சார். பெரிய மனசு அவருக்கு. முன்னால் ஸ்டேஷனரி வைத்திருந்த அறை. ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட், ஃபைல் அடுக்கின அலமாரி. கதவு மட்டும் சாத்தினால் நிற்காது, தானாகவே ஒரு சாண் திறந்துகொள்ளும். அதனால் செல்வராணி அக்காவை வாசலில் நிற்கச் சொன்னார்கள்.

செல்வராணி அக்கா எங்கள் பேன்ட்ரியில் இருந்தவர். டீ கொடுப்பது, டம்ளர் கழுவுவது, மேசை துடைப்பது. ஐம்பது வயசு இருக்கும். எட்டு வருஷமாக இந்த ஆபீஸ்தான். சம்பளம் கான்ட்ராக்டரிடமிருந்து. பெரும்பாக்கத்து ஹவுசிங் போர்டிலிருந்து இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடும். வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை, புருஷன் படுத்த படுக்கை என்று சொல்லும். இந்த வேலை போனால் நான் அவ்வளவுதான் பாப்பா என்று என்னிடம் அடிக்கடி சொல்லும், என்னை அப்படித்தான் கூப்பிடும். எல்லாரும் சொல்வதுதானே.

என் கதவுக்கு முதுகைக் கொடுத்து நிற்கும். ஒரு நாள் சாரே ஏ-ஃபோர் பேப்பர் எடுக்க வந்துவிட்டார். "உள்ள பாப்பா இருக்கு, அப்பால வாங்க சார்" என்றது. சார் திரும்பிப் போனார். முதல் இரண்டு நாள் எனக்கு அந்த மெஷினில் பால் சுரக்கவே இல்லை. மெஷின் டொக் டொக்கென்று அடிக்கிறது, புட்டியில் ஒன்றும் இல்லை, நான் அழுகிறேன். கதவிடுக்கு வழியாக மெதுவாகச் சொன்னது: "மெஷினைப் பாக்காத பாப்பா. கண்ணை மூடிக்க. உன் புள்ள சிரிக்கிற மூஞ்சிய நெனச்சுக்க." நினைத்தேன். நூற்றைம்பது மில்லி வந்தது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. கான்வென்ட்டில் படித்தவள் நான், மேடம். திண்டுக்கல்லில். திங்கட்கிழமை தோறும் சிஸ்டர் பெர்னடெட் எங்கள் நகத்தையும் கைக்குட்டையையும் பார்ப்பார், பிறகு வாரத்தில் சொன்ன பொய்களை எழுதச் சொல்வார். எனக்கு எழுத ஒன்றுமே இருக்காது. மற்ற பெண்களுடையதை எழுதிக் கொடுப்பேன்.

சத்தத்தைச் சொல்லவில்லை பாருங்கள். லீவு முடிந்து வந்த முதல் வாரம், அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். மெஷினை நிறுத்தினேன். தலைக்கு நேர் மேலே கேட்டது. உஸ்ஸ்ஸ் என்று ஒரு இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி உஸ்ஸ்ஸ். ஒரு பெரிய உடம்பு வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற மாதிரி. என் குழந்தைக்கு வந்ததே, அதே இழுப்பு, பத்து மடங்காக. கத்திவிட்டேன். செல்வராணி அக்கா உள்ளே வந்து மேலே பார்த்துக் காது கொடுத்துக் கேட்டது. சிரித்தது. "ஒண்ணுமில்ல பாப்பா. கட்டடம் மூச்சு வுடுது" என்றது.

மறுநாள் பில்டிங் எலெக்ட்ரீஷியன் வந்து மேல் கூரையில் ஒரு பலகையை நகர்த்தினார். சுவரில் வட்டமாக ஒரு துவாரம், கம்பி வலை போட்டு. அதிலிருந்து ஒரு பெரிய குழாய் ஹால் பக்கம் போகிறது. "இது வெளிக்காத்து உள்ள வர்ற வழி மேடம். காத்து வேகமா அடிச்சா சத்தம் வரும்" என்றார். அந்தத் துவாரத்திலிருந்து என் மூக்கில் விழுந்தது கூவம். கூவம் என் தலைமேல் விழுந்துகொண்டிருக்கிறது, கீழே நான் பால் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போய்க் குழந்தைக்குக் கொடுக்கிறேன்!

சாரிடம் போய் அழுதேன். சாருக்கும் கோபம் வந்துவிட்டது. "கூவத்துக்கா நாம ஏசி போட்டுட்டு இருக்கோம்? மூடுய்யா அதை" என்றார். எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். "மூடக் கூடாது சார். முப்பது நாப்பது பேர் இருக்கிற எடம்." அவர் ஐடிஐ படித்தவர், எங்கள் சார் எம்பிஏ. தெர்மாகோலை வட்டமாக வெட்டி அடைத்து, பிரவுன் டேப் மூன்று சுற்று. செல்வராணி அக்காதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. சத்தம் நின்றது. நாற்றம் நின்றது. காற்று விஷயத்தில் நாங்கள் செய்த முதல் சீர்திருத்தம் இதுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் மேலே பார்க்கிறீர்கள்? இப்போது சத்தமே வராது. டேப்பை மாசம் ஒரு தடவை நானே பார்த்துவிடுகிறேன்.

அதற்கப்புறம்தான் தலைவலி ஆரம்பித்தது. எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். மதியம் மூன்று மணிக்கு ஹாலைப் பார்த்தால் பஸ்ஸில் தூங்குகிற கூட்டம் மாதிரி இருக்கும். கொட்டாவி, கண் எரிச்சல். பக்கத்து சீட் கோகுல் தூக்கக் கலக்கத்தில் ஒரு ஆம்பளைக்கு சிசேரியன் பில்லைப் பாஸ் பண்ணிவிட்டான். "தாயும் சேயும் நலமாடா?" என்று ஹாலே சிரித்தது. தலைமை ஆபீஸ் சிரிக்கவில்லை. சாரைக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் சார் அந்த மீட்டரை வாங்கிக்கொண்டு வந்தார்.

உங்களுடையது மாதிரி பெரிசில்லை. வெள்ளையாக, சோப்பு டப்பா அளவு. ஒரு எண் காட்டும், கீழே ஒரு விளக்கு. எண்ணூறுக்குக் கீழே பச்சை, அப்புறம் மஞ்சள், ஆயிரத்து இருநூறு தாண்டினால் சிவப்பு, கூடவே ஒரு கீச்சுச் சத்தம். காற்றில் எவ்வளவு கெட்டது கலந்திருக்கிறது என்று அது சொல்லும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். கூட வந்த காகிதத்தில் பொடி எழுத்தில் என்னென்னவோ இருந்தது, அதை யார் படிக்கிறார்கள்? பேன்ட்ரி பக்கத்தில் பிளக் காலியாக இருந்ததால் அங்கே மாட்டினோம். காலையில் பச்சை. பதினோரு மணிக்குச் சிவப்பு. சாயங்காலம் வரை சிவப்பு. ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு. வெள்ளிக்கிழமை மட்டும் சார் சாமி படத்துக்குச் சாம்பிராணி போடும்போது மீட்டர்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவோம். சாமி காரியத்தைக் கெட்ட காற்றுக் கணக்கில் சேர்க்கக் கூடாது இல்லையா?

எண் தெரிந்துவிட்டது, எங்கேயிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கார்ப்பெட்டை எடுத்தோம். ஷூ ரேக்கை வெளியே வைத்தோம். யாரோ முட்டை கொண்டுவருகிறார்கள் என்று முட்டையை நிறுத்தினோம். சிவப்பு போகவில்லை.

கண்டுபிடித்தது நான்தான், மேடம். பெருமைக்குச் சொல்லவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் பெரிய மழை. டிவியில் எல்லாரும் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஆபீசுக்கு வந்தது பதினோரு பேர். செல்வராணி அக்கா வரவில்லை, பெரும்பாக்கத்தில் இடுப்பளவு தண்ணீர். அன்றைக்கு நாள் முழுக்க மீட்டர் பச்சை. அறுநூற்று ஐம்பது! மறுநாள் மழை விட்டது, எல்லாரும் வந்தோம், அக்காவும் வந்தது, மறுபடி ஆயிரத்து நானூறு. நான் ஒரு தாளில் தேதி போட்டு எழுதினேன். அக்கா வராத நாள் பச்சை, வந்த நாள் சிவப்பு. சாரிடம் காட்டினேன். "டேட்டா பேசுது பாரு" என்றார்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வந்தது. மீட்டர் இருப்பதும் பேன்ட்ரி பக்கம், அக்கா நிற்பதும் பேன்ட்ரி பக்கம். அந்தப் பக்கம் போனால் ஒரு வாடை வரும், மேடம். தைலம், ஃபினாயில், மழைக்காலத்தில் காயாத புடவை. கோகுல் அதற்குச் 'செல்வராணி சென்ட்' என்று பேர் வைத்தான். அக்கா காதுபடவே சொல்வான். அதுவும் சிரிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லலாமா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பால் குறைய ஆரம்பித்தது. நூற்றைம்பது, நூற்றிருபது, தொண்ணூறு. ஒரு நாள் புட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கும்போது அக்கா பார்த்துவிட்டு "நல்லா ஊறுது பாப்பா ஒனக்கு" என்றது. அதற்கு மறுநாளிலிருந்துதான் குறைந்தது. கண் பட்டது, அது இது என்றெல்லாம் நம்புகிறவள் இல்லை நான். சிஸ்டர்கள் அப்படி வளர்க்கவில்லை. ஆனால் புட்டியை அதற்கப்புறம் கைக்குட்டையால் மூடித்தான் வெளியே கொண்டுவந்தேன்.

யாரும் அதை உடனே துரத்தவில்லை. ஒவ்வொன்றாக, மரியாதையாகத்தான் சொன்னோம். முதலில் மாஸ்க் போட்டுக்கொள்ளச் சொன்னோம். போட்டுக்கொண்டது. எண் இறங்கவில்லை. இரண்டு மாஸ்க் போடச் சொன்னோம். "ரெண்டு போட்டா மூச்சு முட்டுது பாப்பா" என்றது, ஆனாலும் போட்டது. டீயை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம், கவுன்டரில் வைத்துவிட்டு நகர்ந்துகொள் என்றோம். தைலத்தை விடச் சொன்னோம். விட்டது. சந்தன சோப்பு போட்டுக் குளிச்சுட்டு வந்திருக்கேன், மோந்து பாரு என்று கையை நீட்டியது. நான் மோந்து பார்க்கவில்லை, எனக்கு இழுப்புள்ள குழந்தை இருக்கிறது. சாப்பாட்டைப் படிக்கட்டில் வைத்துச் சாப்பிடச் சொன்னோம். "சரி பாப்பா." எது சொன்னாலும் அதுதான். ஏன் என்று ஒரு தடவை கேட்டது. "பொதுவா எல்லாரோட நல்லதுக்குத்தான்க்கா" என்றேன். "எல்லாருன்னா நானுந்தானே" என்றது.

அப்போதும் என் கதவுக்கு அதுதான் காவல். வேறு யார் நிற்பார்கள்? ஆனால் நாலடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டேன். நாலடி தள்ளி, இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, "பாப்பா இருக்கு, அப்பால வாங்க" என்று சொல்வது உள்ளே சரியாகக் கேட்காது.

நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? டீ சொல்லட்டுமா? புதுப் பையன் ஒருவன் இருக்கிறான், ஆனால் சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிடுவான்.

பிறகு பரிசோதனை. அதைத்தான் நீங்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வெறும் சந்தேகத்தின் பேரில் ஒருத்தரை ஒன்றும் சொல்லக் கூடாது என்று சார் தெளிவாக இருந்தார். நாலு மணி டீ நேரம். கோகுல் மீட்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தான், அது பேட்டரியிலும் ஓடும். பேன்ட்ரி வாசலில் நாங்கள் ஒரு பதினைந்து பேர். "அக்கா, மாஸ்க்கைக் கழட்டிட்டு இதுல ஒரு ஊது ஊதுங்க" என்றான்.

செல்வராணி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் பார்த்தது. முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது சார்" என்றது. முதலில் எங்களுக்குப் புரியவில்லை. ரோட்டில் போலீஸ் குடித்தவர்களை ஊதச் சொல்வார்களே, அது என்று நினைத்துவிட்டது. கோகுல் விழுந்து விழுந்து சிரித்தான். "குடிச்சியான்னு கேக்கலக்கா, சும்மா ஊது." "புருசன் குடிப்பாரு சார், அதுவும் முன்ன. நான் தொட்டது கூட இல்ல, ஏசு சத்தியமா." "ஊதுக்கா, நேரமாகுது."

ஊதியது. மேடம், நான் பக்கத்தில்தான் நின்றேன், என் கண்ணால் பார்த்தேன். ஆயிரத்து நானூறில் இருந்தது இரண்டாயிரம் ஆனது, மூவாயிரம் ஆனது, நாலாயிரத்து இருநூறில் போய் நின்று வீல் வீல் என்று கத்த ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தோம். யாரோ "அய்யோ" என்றார்கள். சார் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

செல்வராணி அக்காவுக்குத்தான் எங்கள் எல்லாரையும் விட பயம். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டது. "காலைலேருந்து ஒண்ணும் சாப்புடல சார். வெறும் வயித்துல ஊதினதால இருக்கும். ரெண்டு இட்லி துன்னுட்டு வந்து மறுபடி ஊதவா?" என்று கேட்டது. கோகுல் மீட்டரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். அப்போதுகூட அது டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனது. மறுநாள் நான் அந்த டம்ளர்களை எல்லாம் வெந்நீரில் போட்டு எடுக்கச் சொன்னேன்.

கான்ட்ராக்டருக்கு மெயில் எழுதச் சொன்னது சார், எழுதியது நான். என் ஆங்கிலம் கொஞ்சம் நன்றாக இருக்கும். கடுமையாக ஒரு சொல் கூட இல்லை. "திருமதி செல்வராணி எட்டு ஆண்டுகள் நேர்மையாகப் பணிபுரிந்தார். ஆனால் அவருடைய மூச்சினால் அலுவலகக் காற்று பாதுகாப்பான அளவைப்போல் மூன்றரை மடங்கு கெடுகிறது என்பது கருவியின் மூலம் உறுதியாகியுள்ளது." எண்ணைத்தான் எழுதினேன். எண் பொய் சொல்லுமா? நீங்களே எண்ணை நம்பித்தானே வந்திருக்கிறீர்கள்?

போகிற அன்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போக வந்தது. நாலடி தள்ளித்தான் நின்றது. "புள்ளையப் பாத்துக்க பாப்பா. வெந்தயக் கஞ்சி குடி, பால் ஊறும்" என்றது. நல்ல மனுஷிதான். நான் எப்போதுமே அதைக் கெட்டவள் என்று சொன்னதில்லை.

அது போன பிறகும் ஒரு வாரம் சிவப்பே வந்தது. அதுதான் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எட்டு வருஷம் இருந்ததில்லையா, சுவரெல்லாம் ஏறியிருக்கும் என்றான் கோகுல். பேன்ட்ரிக்கு வெள்ளையடித்தோம். பிறகு சாருக்குத்தான் தோன்றியது, மீட்டரை மாட்டின இடமே தப்போ என்று. கழற்றி ரிசெப்ஷனில், படிக்கட்டுக் கதவு பக்கத்தில் மாட்டினோம். வந்தது பாருங்கள் பச்சை! அன்றிலிருந்து பச்சைதான். வருகிறபோது பார்த்திருப்பீர்கள். வருகிற எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

தலைவலி இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அது கம்ப்யூட்டர் பார்ப்பதால். நீங்களும் வந்ததிலிருந்து மூன்று கொட்டாவி விட்டுவிட்டீர்கள், வெயிலில் வந்த அசதி.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். போன புதன்கிழமை வரைக்கும்.

காவலுக்கு ஆளில்லாததால் என் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். செவ்வாய்க்கிழமை கார்பென்டர் வந்து வைத்துவிட்டுப் போனார். புதுசு, பெயின்ட் வாசனை போகவில்லை. கம்பி துவாரத்துக்கு நேராக வரவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு, கதவு இடுக்கில் ஒரு ஃபைலைச் செருகிவிட்டு உட்கார்ந்தேன். புதன்கிழமை மூன்று மணி. மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ரிசெப்ஷன் மீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து அலமாரித் தட்டில் வைத்திருந்தேன். பால் எடுக்கும்போது மட்டும் அப்படி எடுத்து வருவேன், சாருக்குத் தெரியும்.

கதவுக்கு வெளியே "பாப்பா" என்றது.

ஃபைல் சரிந்து விழுந்தது, கதவு ஒரு சாண் திறந்துகொண்டது. பார்த்தால் செல்வராணி அக்காவின் முதுகு. உள்ளே பார்க்கக் கூடாது என்று எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மாஸ்க் இரண்டும் போட்டிருந்தது. கையில் எக்ஸ்ரே கவர். ரிசெப்ஷனில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறது.

"மெஷின் சத்தம் கேக்குது. நீ முடி பாப்பா, அவசரமில்ல. நான் நிக்கிறேன், யாரும் வர மாட்டாங்க" என்றது.

அது ஹாலைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தது. கான்ட்ராக்டர் வேறு எந்த ஆபீசுக்கும் அனுப்ப மாட்டேன் என்கிறாராம். என்னுடைய மெயிலை அவர் எல்லாருக்கும் காட்டுகிறாராம். நெஞ்சில் கோளாறு, டிபி என்று பேசுகிறார்களாம். மேல் வீட்டுக்காரர்கள் இதன் குடத்தைக் குழாயடியில் வைக்க விடுவதில்லையாம். ஆஸ்பத்திரியில் போய் எக்ஸ்ரே எடுத்து, சளியைக் கொடுத்து, மூன்று தடவை அலைந்து வாங்கி வந்திருக்கிறதாம்.

"நெஞ்சுல ஒண்ணுமே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க பாப்பா. கண்ணாடி மாதிரி இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்ப ஏன் அந்தப் பொட்டி செகப்பு அடிச்சுது? நீ படிச்ச புள்ள. நீ சொல்லு."

நான் மெஷினை நிறுத்தினேன்.

"டாக்டரம்மாகிட்ட கேட்டேன். அவங்க சிரிச்சுட்டு, யார் ஊதினாலும் அடிக்குமேன்னாங்க. எனக்கு நம்பிக்கை வரல. இம்மாம் படிச்சவங்க இருக்கிற ஆபீசு, தெரியாமலா சொல்லுவாங்க? அதான் உங்கிட்டயே கேட்டுடலாம்னு. நீ ஒரே ஒரு தபா ஊதிக் காட்டு பாப்பா. வேற யாரையும் கூப்புட வேணாம். நீ ஊதி பச்சையா இருந்துச்சுன்னா எம்மேலதான் கோளாறுன்னு போயிட்டே இருக்கேன். செகப்பு அடிச்சுதுன்னா, அந்த மெயிலுக்குக் கீழ ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு. எனக்கு வேலை இல்லன்னா சோறில்ல."

மீட்டர் என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது, மேடம். நான் ஊதவில்லை. எதற்கு ஊத வேண்டும்? சும்மா மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தேன். பயத்தில் கொஞ்சம் வேகமாக விட்டிருப்பேன். ஆயிரத்து நூறு என்று இருந்தது. ஆயிரத்து நூற்று அறுபது ஆனது. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பேட்டரி வீணாகிறதே என்று அதை அணைத்துவிட்டேன்.

"பாப்பா, கேக்குதா?"

அதற்குள் ஹாலில் யாரோ பார்த்துவிட்டார்கள். நாற்காலிகள் நகர்கிற சத்தம். "இதை யார் உள்ள விட்டது?" என்று சாரின் குரல். "அக்கா, வெளிய வா, வெளிய வா" என்று கோகுல். செல்வராணி அக்கா நகரவில்லை. என் கதவு அப்போதும் ஒரு சாண் திறந்திருந்தது. நான் அரைகுறையாக உட்கார்ந்திருக்கிறேன். அத்தனை ஆம்பளைகளும் இந்தப் பக்கம் வருகிறார்கள். அது இரண்டு கையையும் கதவு நிலையில் அகட்டி வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தியது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அது கத்தி நான் கேட்டேன்.

"உள்ள பொம்பள இருக்குது சார்! அப்பால நில்லுங்க!"

எல்லாரும் நின்றுவிட்டார்கள். அது திரும்பாமலே என்னிடம் சொன்னது: "நீ துணியச் சரி பண்ணிக்க. சரி பண்ணிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லு பாப்பா. நீ சொன்னா சார் கேப்பாரு."

நான் எழுந்தேன். புடவையைச் சரி செய்துகொண்டேன். புட்டியை மூடினேன், எழுபது மில்லி. கதவருகே போனேன். ஒரு சாண் தூரத்தில் அதன் முதுகு. கழுத்தில் வேர்வை. நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க முடியும்? எனக்குக் குழந்தை இருக்கிறது. கதவை இரண்டு கையாலும் தள்ளினேன், அதன் விரல் நிலையில் இருந்ததைப் பார்க்கவில்லை, "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது, விரலை இழுத்துக்கொண்டது. தோளைக் கொடுத்து அழுத்தினேன். தாழ்ப்பாளைக் கொஞ்சம் மேலே தூக்கினால் கம்பி நேராக வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. தூக்கினேன், தள்ளினேன், உள்ளே போய் விழுந்தது.